டவர் இல்லாத ரன்வேயில் யார் முதலில் இறங்குவது?

சென்ற இதழில் போகிற போக்கில், "நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஏர்போர்ட்டில் கண்ட்ரோல் டவர் கிடையாது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பாம்பனிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. எனக்குச் சந்தோஷம்தான். 22 வருஷம் சின்ன விமானங்களில் மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது மண்டபம் ஊரில் கடலைப் பார்த்தபடி ஓய்வாக இருந்தாலும், மனசை விட்டுப் போகாத விஷயம் இது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவன் நான். டவரே இல்லை என்றால் யார் முந்தி, யார் பிந்தி என்று யார் சொல்வது? ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளாதா?
— விசைப்படகு ஓட்டுநர், பாம்பன்

யாரும் சொல்லமாட்டார்கள், அண்ணே. ஓட்டுகிறவர்களே தங்களுக்குள் பேசி, பார்த்து, வழிவிட்டு இறங்க வேண்டியதுதான். அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் உள்ள ஏர்போர்ட்டுகள் சுமார் 5,000. டவர் இருப்பவை அதில் ஏறக்குறைய 500 தான். மிச்சம் உள்ள எல்லாவற்றிலும் இதே கதைதான்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரன்வேயை ஒட்டி எல்லோரும் ஒரே மாதிரி ஒரு செவ்வகத்தில் சுற்றுவார்கள். நாங்கள் அதைச் சர்க்யூட் என்போம், அமெரிக்காவில் பேட்டர்ன் என்பார்கள். காற்றை எதிர்த்து ஏறுவது முதல் பாகம். இடது பக்கம் திரும்பினால் கிராஸ்விண்ட். இன்னொரு இடது திருப்பம் போட்டு, காற்று முதுகில் தள்ள, ரன்வேக்கு இணையாக வந்த திசைக்கே திரும்பிப் போவது டவுன்விண்ட். இறங்கும் முனையைத் தாண்டியதும் மறுபடி இடது, அது பேஸ். கடைசியாக ஒரு திருப்பம், ரன்வே மூக்குக்கு நேரே வந்துவிடும், அது ஃபைனல். உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி. ஜெட்டும் பெரிய விமானங்களும் 1,500 அடியில் சுற்றும். வேறு மாதிரி அறிவித்திருந்தால் ஒழிய எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான். ஓட்டுகிறவர் இடது இருக்கையில் உட்காருவதால் திரும்பும் பக்கம் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

காற்று மாறினால் செவ்வகமும் புரண்டுகொள்ளும். நம் கரையில் வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாக ஒரு ரன்வே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடை வீசும் மாதங்களில் வடகிழக்கைப் பார்த்து இறங்குவார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எடுத்துவிட்டால் அதே ரன்வேயில் மறுமுனையிலிருந்து இறங்குவார்கள். தரையில் கம்பத்தில் ஒரு துணிக்குழல் கட்டியிருப்பார்கள், காற்று எந்தப் பக்கம் என்று அது சொல்லிவிடும்.

இந்தச் செவ்வகத்தால் என்ன லாபம்? ஆகாயம் முழுக்கத் தேட வேண்டாம். ஒரு விமானம் பக்கத்தில் இருந்தால் இந்த நாலு கோட்டில் ஏதோ ஒன்றில் இருக்கும். தேடவேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு லாபத்துக்காகத்தான் எல்லோரும் அந்தக் கோட்டை மீறாமல் சுற்றுகிறோம். கோட்டை விட்டு விலகி வருகிறவர் யாரும் பார்க்காத இடத்திலிருந்து வருகிறார்.

இடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். இருட்டில் எதிரே வரும் படகின் விளக்கு உங்கள் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே போனால் பயமில்லை. ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் சுக்கானைத் திருப்பியாக வேண்டும். ஆகாயத்திலும் அதேதான். கண்ணாடியில் ஒரு புள்ளி நகராமல் நிற்கிறது என்றால் அது மோதும் பாதையில் இருக்கிறது. ஆனால் மனிதக் கண் நகர்வதைத்தான் சட்டென்று பிடிக்கும். நகராத புள்ளியைப் பூச்சியின் கறை என்று விட்டுவிடும். படகில் உங்களுக்கு நிமிஷக்கணக்கில் நேரம் உண்டு, எங்களுக்குச் சில விநாடிகள்தான். அதனால் கண்ணாடி வழியாகச் சும்மா வெறிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்போம். ஆகாயத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் கண்ணை ஒரு விநாடி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் பைலட் படிப்பு படிக்கிறான். போனில் பேசும்போது "45 டிகிரியில் நுழையணும், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் எப்படி நுழையணும் என்பதில் எங்களுக்குள் தினமும் சண்டை" என்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையனுக்கு ஆபத்து எதுவும் இல்லையே?
— ஒரு தகப்பனார், கீழக்கரை

பாய், உங்கள் பையன் சரியான விஷயத்துக்குத்தான் சண்டை போடுகிறான். நுழையும் இடம்தான் மிக ஆபத்தான இடம். அதைப் பற்றி விவாதிக்கிற மாணவன் பிழைத்துக்கொள்வான்.

உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கயிற்றை நீளமாகப் போடுங்கள், அதுதான் ரன்வே. அதன் ஒரு பக்கத்தில் செவ்வகம் வரையுங்கள். நான் மாணவர்களுக்குக் கோலமாவில் வரைந்து, அதன் மேல் நடக்கவிட்டுத்தான் சொல்லிக்கொடுப்பேன். நடந்துகொண்டே ரேடியோவில் பேசுவதுபோல் பேசவும் வேண்டும். வெட்கப்படுவார்கள், ஆனால் ஒரு தடவை நடந்தால் மறக்காது.

சர்க்யூட் இருக்கும் பக்கத்திலிருந்தே வருகிறவருக்குச் சிரமமில்லை. ஊருக்கு வெளியே பெரிய ரோட்டில் சாய்வாக வந்து சேரும் கிளைச்சாலை மாதிரி, டவுன்விண்டின் நடுப்பகுதியைப் பார்த்து 45 டிகிரி சாய்வில் வந்து சேர வேண்டும். வந்து சேருவதற்கு முன்பே சர்க்யூட்டின் உயரத்துக்கு இறங்கிச் சமமாகிவிட வேண்டும். அப்போது டவுன்விண்டில் இருப்பவர்கள் எல்லோரும் அவருடைய கண்மட்டத்தில் தெரிவார்கள்.

சண்டை வருவது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு. அமெரிக்க விமான ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் ஆலோசனைச் சுற்றறிக்கை 90-66 இரண்டு வழி சொல்கிறது. அது விரும்பும் வழி இது: ரன்வேயின் நடுவே குறுக்காக, சர்க்யூட்டைவிட 500 அடி மேலே கடந்து போங்கள். சர்க்யூட்டைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு மைல் விலகுங்கள். அங்கே போய் உயரத்தைக் குறையுங்கள். அப்புறம் திரும்பி, மற்றவர்களைப் போலவே 45 டிகிரியில் நுழையுங்கள். இரண்டாவது வழி, சர்க்யூட் உயரத்திலேயே ரன்வேயைக் குறுக்காகக் கடந்து நேரே டவுன்விண்டில் திரும்பிவிடுவது. இது சுருக்கு வழி. ஆனால் கூட்டம் இருந்தால் செய்யக் கூடாது, ஏற்கெனவே சுற்றுகிறவர்களுக்கும் 45-இல் நுழைகிறவர்களுக்கும் வழிவிட்டே ஆக வேண்டும்.

முதல் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. 1,000 அடிக்கு மேல் 500 என்றால் 1,500. அது ஜெட் சுற்றும் உயரம். ஜெட் வரும் ஏர்போர்ட்டாக இருந்தால் 2,000 அடியில் கடப்பது நல்லது. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

நாட்டுக்கு நாடு பழக்கமும் மாறும். பிரிட்டனில் ஏர்போர்ட்டின் தலைக்கு மேலே 2,000 அடியில் வந்து, சர்க்யூட் இல்லாத பக்கத்தில் இறங்கி, பிறகு குறுக்காகச் சேருவார்கள். கனடாவில் எதிர்ப்பக்கத்திலிருந்து சர்க்யூட் உயரத்திலேயே நடுவே கடந்து டவுன்விண்டில் சேருவது சாதாரணம். எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அந்த ஊரில் மற்றவர்கள் எங்கே எதிர்பார்ப்பார்களோ அங்கே வருவதுதான் சரி. ஆனால் ஒன்றை மட்டும் எந்த ஊரிலும் செய்யக் கூடாது. சர்க்யூட்டுக்குள் மேலிருந்து இறங்கிக்கொண்டே நுழையக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே அதைச் செய்தவன். அமெரிக்காவில் கற்றுக்கொடுக்கப் போன மூன்றாம் வருஷம். சுற்றிலும் பருத்திக்காடு, நடுவில் ஒரே ஒரு ரன்வே. பைப்பர் வாரியர் விமானம். அதன் இறக்கை உடலுக்குக் கீழே இருக்கும். இடது இருக்கையில் மாணவன், வலதில் நான். அடுத்த மாணவன் கீழே காத்திருந்தான், நேரமாகிவிட்டது. விலகிப் போய் இறங்கி வந்தால் ஐந்து நிமிஷம் கூடுதலாகும். "பரவாயில்லை, இறங்கிக்கொண்டே டவுன்விண்டில் சேர்ந்துவிடு" என்றேன். மாணவன் ரேடியோவில் அறிவித்தான். அவன் பேசி முடித்ததும் காதில் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அப்படித்தான் கேட்கும். யாரோ பேசியிருக்கிறார்கள். யார், எங்கே என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

எங்கள் உயரம் 1,200 அடி இருக்கும். எங்கள் வலது இறக்கையின் முன்விளிம்புக்குக் கீழிருந்து ஒரு வெள்ளை இறக்கை மெல்ல வெளியே வந்தது. அதன் மேல்புறத் தகட்டில் வரிசையாக இருந்த ஆணித் தலைகளை என்னால் பார்க்க முடிந்தது. அவ்வளவு பக்கம். செஸ்னா 152 என்ற சின்ன விமானம். அதற்கு இறக்கை மேலே, தலைக்கு மேல் இருப்பது தெரியாது. எங்களுக்கு இறக்கை கீழே, காலுக்கடியில் இருப்பது தெரியாது. ஒருவர் மேல் ஒருவர் அடுக்கி வைத்தது போல ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தோம், நாங்கள் இறங்கிக்கொண்டும் இருந்தோம். மாணவன் கையிலிருந்து கட்டுப்பாட்டை வாங்கி மேலே இழுத்து விலகினேன்.

இறங்கிய பிறகு அந்தச் செஸ்னாவைத் தேடிப் போனேன். பத்தொன்பது வயசுப் பையன். தனியாக ஓட்டுவது அவனுக்கு அன்றைக்கு மூன்றாவது தடவை. அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, "இன்னைக்கு நல்லா இறங்கினேன் சார்" என்றான். நடந்ததை அவனிடம் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்க அதற்குப் பிறகு ஒரு நாளும் நினைத்ததில்லை. மாணவர்கள் அவசரப்படுத்தும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் பாட்டில்தான் நினைவுக்கு வரும்.

ஃபைனலில் இருக்கிற விமானத்துக்குத்தான் முதல் உரிமை என்று படித்தேன். அப்படியானால் சுற்றவே வேண்டாமே? தூரத்திலிருந்து நேராக ஃபைனலில் வந்துவிட்டால் உரிமை நமக்குத்தானே?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ராமநாதபுரம்

நல்ல புத்திசாலித்தனமான கேள்வி. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நிறையப் பேர்.

விதி நீங்கள் படித்தது போலத்தான். இறங்குகிறவருக்கும் இறங்குவதன் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கும் மற்றவர்கள் வழிவிட வேண்டும். இரண்டு பேர் இறங்க வந்தால் தாழ உள்ளவருக்கு முதல் வழி. ஆனால் அதே விதியின் அடுத்த வரியைப் பலரும் படிப்பதில்லை: இந்த உரிமையைக் காட்டி, ஃபைனலில் இருக்கும் இன்னொருவருக்கு முன்னால் பாயவோ அவரை முந்தவோ கூடாது. சர்வதேச விதியிலும் இது இருக்கிறது, அமெரிக்கச் சட்டத்திலும் இருக்கிறது.

நேராக வருவது அமெரிக்காவில் சட்டவிரோதம் இல்லை. கருவிகளைப் பார்த்து மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். ஆனால் சுற்றிக்கொண்டிருப்பவர்களின் வரிசையைக் கலைக்காமல் வர வேண்டும்.

2022 ஆகஸ்ட் 18. கலிஃபோர்னியாவில் வாட்ஸன்வில் என்ற ஊர், கடற்கரை ஊர். டவர் கிடையாது. ஒரு செஸ்னா 152 சர்க்யூட்டில் சுற்றிப் பழகிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரே ஒருவர். இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று, உள்ளே இரண்டு பேர், பத்து மைலில் இருந்தே நேராக இறங்க வருவதாக அறிவித்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் பேசினார்கள். இரண்டு பேருக்கும் மற்றவர் இருப்பது தெரியும். 152 பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பியது. 340 சுமார் 180 நாட் (மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர்) வேகத்தில் வந்தது. அந்த ரக விமானம் ஃபைனலில் இருக்கவேண்டிய வேகத்தைவிட அது மிக அதிகம். பின்னால் வேகமாக வருகிறீர்கள், நான் இறங்காமல் மேலே போகிறேன் என்று 152-ஐ ஓட்டியவர் ரேடியோவில் சொன்னார். சொன்ன சற்று நேரத்தில் மோதல். மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

இதில் பேச்சுக்குக் குறைவில்லை என்பதைக் கவனியுங்கள். இருவரும் ஒழுங்காக அறிவித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகப் போகிற தெருவில் ஒரு கார், "வர்றேன், வர்றேன்" என்று ஹாரன் அடித்துக்கொண்டே வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தால் ஹாரன் அடித்தது எதற்கு உதவும்? ஹாரன் அடித்தவர் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். நேராக வருகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், சர்க்யூட்டில் ஆள் இருப்பது காதில் விழுந்தால் நேராக வரும் எண்ணத்தையே விட்டுவிட்டு விலகிப் போய் வரிசையில் சேர வேண்டும். வேகமான விமானம் வைத்திருப்பவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவருக்குச் சுற்றி வர இரண்டு நிமிஷம். 152-இல் பழகுகிறவருக்கு விலகிக்கொள்ள வேகமும் இல்லை, அனுபவமும் இல்லை.

எங்கள் படகுகளில் இப்போது வி.எச்.எஃப். செட் இருக்கிறது. அதில் ஒரே கூச்சல். விமானத்தில் ரேடியோவில் என்ன பேசுவீர்கள்?
— மீனவர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், மண்டபம்

அங்கேயும் கூச்சல் உண்டு. அமெரிக்காவில் டவர் இல்லாத பல ஏர்போர்ட்டுகள் 122.8 போன்ற ஒரே அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஐம்பது மைலுக்கு அப்பால் இருப்பவர் பேசுவதும் காதில் விழும். அதனால் பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். "இன்ன ஊர் டிராஃபிக், வெள்ளை செஸ்னா, வடக்கே பத்து மைல், 2,500 அடி, 45-இல் நுழைந்து இடது டவுன்விண்ட், ரன்வே இன்னது, இன்ன ஊர்." அவ்வளவுதான். பத்து மைலில் ஒரு தடவை, அப்புறம் டவுன்விண்ட், பேஸ், ஃபைனல், ரன்வேயை விட்டு விலகியதும். விமானத்தின் பதிவு எண்ணை மட்டும் சொன்னால் ஆகாயத்தில் தேடுகிறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நிறமும் ரகமும் சொன்னால் கண் தேடும்.

ஒரு பேச்சு மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. "இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்பது. எஃப்.ஏ.ஏ.வின் கையேடு எந்தச் சூழ்நிலையிலும் அப்படிக் கேட்கக் கூடாது என்கிறது. கேட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். பத்து மைல் முன்பிருந்தே காதைக் கொடுத்திருந்தால் யார் எங்கே என்பது தானாகத் தெரிந்திருக்கும். ரேடியோ பேசுவதற்கு முன்னால் கேட்பதற்கு.

கேட்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1996 நவம்பர் 19, இல்லினாய் மாநிலத்தில் குவின்சி. மாலை மங்கும் நேரம், டவர் இல்லை, ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ரன்வேக்கள். யுனைடெட் எக்ஸ்பிரஸின் பீச்கிராஃப்ட் 1900 பயணிகள் விமானம் ஒன்று 12 பேருடன் ஒரு ரன்வேயில் இறங்க வருகிறது. குறுக்கே உள்ள ரன்வேயின் முனையில் கிங் ஏர் என்ற ரக விமானம் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. அதற்குப் பின்னால் செரோக்கி என்ற சின்ன விமானம் ஒன்று. இறங்குகிறவர்கள் ரேடியோவில் கேட்கிறார்கள்: ரன்வேயில் இருப்பவர் அங்கேயே நிற்கப்போகிறீர்களா, புறப்படப்போகிறீர்களா? கிங் ஏர் பதில் சொல்லவில்லை. பின்னால் இருந்த செரோக்கிக்காரர், தான் காத்திருப்பதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து இறங்கும் விமானத்தின் உயர எச்சரிக்கைக் கருவி குரல் கொடுக்க, பேச்சில் ஒரு பகுதி மறைந்துவிட்டது. கிங் ஏர்தான் காத்திருப்பதாகச் சொல்கிறது என்று நினைத்து இறங்கினார்கள். கிங் ஏர் புறப்பட்டுவிட்டது. ரன்வேக்கள் வெட்டும் இடத்தில் மோதின. 14 பேர் இறந்தார்கள். மோதலில் உயிர் தப்பியவர்கள்கூடக் கதவு சிக்கிக்கொண்டதால் நெருப்பிலிருந்து வெளியே வர முடியவில்லை.

அலைவரிசையைக் கவனிக்காததும், சுற்றிப் பார்க்காததும் கிங் ஏரை ஓட்டியவர்களின் தவறு என்று விசாரணையில் முடிவானது. என் மாணவர்களுக்கு நான் இதில் வேறொன்றைக் காட்டுவேன். கேள்வி ஒருவருக்கு, பதில் இன்னொருவரிடமிருந்து. ரேடியோவில் குரலுக்கு முகம் கிடையாது. நீங்கள் கடலில் "நான் விலகிக்கிறேன்" என்ற குரலைக் கேட்டதும் எதிரே தெரியும் படகுதான் பேசியது என்று எடுத்துக்கொள்வீர்களா? பெயரைக் கேட்பீர்கள். அப்படிப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பெயர் சொல்லிப் பதில் வாங்குங்கள். வரவில்லையா, இறங்காமல் மேலே போங்கள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பல ஏர்போர்ட்டுகளில் ரேடியோ இல்லாமலே வந்து இறங்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. பழைய விமானங்கள் சிலவற்றில் மின்சாரமே கிடையாது. அலைவரிசை அமைதியாக இருக்கிறது என்பதால் ஆகாயம் காலி என்று அர்த்தமில்லை.

இப்போதெல்லாம் விமானங்கள் திரையிலேயே தெரிகின்றனவாமே? கண்ணால் தேட வேண்டிய அவசியம் என்ன?
— கல்லூரி மாணவர், தொண்டி

ஏ.டி.எஸ்.-பி. என்ற கருவியைச் சொல்கிறீர்கள். தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரிய ஏர்போர்ட்டுகளைச் சுற்றிய பகுதிகளில் கட்டாயம். கிராமத்து ரன்வேக்கள் பலவற்றில் கட்டாயமில்லை. அதனால் திரையில் தெரிவது இருப்பவற்றில் ஒரு பகுதிதான். தூரத்தில் இருக்கும்போது திரையைப் பாருங்கள், நல்ல உதவி. சர்க்யூட்டுக்குள் வந்துவிட்டால் கண் வெளியே.

நம் உச்சிப்புளியிலும் டவர் இல்லாத ஏர்போர்ட்தானா? ராமேஸ்வரத்தில் விமான நிலையம் வந்தால் எப்படி இருக்கும்?
— ஆட்டோ ஓட்டுநர், ராமேஸ்வரம்

இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானத்தளம், ஐ.என்.எஸ். பருந்து. 2009-இல் அந்தப் பெயரோடு சேவையில் சேர்த்தார்கள். அங்கே யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதைக் கடற்படைதான் நடத்துகிறது. ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்பது 2025 மாநில பட்ஜெட்டில் வந்த அறிவிப்பு. பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையம் என்றால் கட்டுப்பாட்டோடுதான் இருக்க வேண்டும். கடலும் பறவையும் இவ்வளவு பக்கத்தில் உள்ள இடத்தில் வேறு மாதிரி யோசிக்கவே கூடாது.

நான் விமானப் பயிற்சியில் இருக்கிறேன், எங்கள் பயிற்சித் தளத்தில் டவர் கிடையாது. போன மாதம் பேஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரு சீனியர் வெளியிலிருந்து நேராக ஃபைனலில் நுழைந்துவிட்டார். நான் அறிவித்திருந்தேன். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னாலேயே மிக நெருக்கமாக இறங்கிவிட்டேன். இறங்காமல் மேலே போயிருந்தால் "உனக்கு இறங்கத் தெரியவில்லை" என்று சொல்வார்களோ என்று தோன்றியது. அவரிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.
— பயிற்சி மாணவி, தங்கச்சிமடம்

மகளே, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

முதலில், அவர் செய்தது தப்பு. நீ அறிவித்திருந்தாய், உன் இடத்தில் இருந்தாய். சீனியர், ஜூனியர் என்று ஆகாயத்தில் எதுவும் இல்லை.

ஆனால் அந்த நேரத்தில் யார் தப்பு என்பது உனக்கு வேண்டாத விஷயம். அடுத்த தடவை இப்படி நடந்தால், பேஸில் இருக்கும்போதே இன்னொருவர் ஃபைனலில் தெரிந்தால், ஃபைனலுக்குத் திரும்பாதே. பவர் முழுக்கக் கொடு, இறக்கையை மட்டமாக்கு, அவருடைய ஃபைனல் கோட்டைத் தாண்டாமல் உயரம் எடு. ஃபைனலுக்குத் திரும்பிய பிறகு தெரிந்தால், பவர் கொடுத்து ஏறு, அப்புறம் ரன்வேக்கு வலது ஓரமாக ஒதுங்கிப் பற. இடது சர்க்யூட்டில் உனக்கு இடது இருக்கை. வலது ஓரமாக ஒதுங்கினால் ரன்வேயும் அதிலுள்ள விமானமும் உன் ஜன்னலில் தெரிந்துகொண்டே இருக்கும். ரேடியோவில், "இறங்காமல் மேலே போகிறேன்" என்று ஒரு வரி. பேசுவது கடைசி. முதலில் விமானம், பிறகு இடம், அப்புறம்தான் வாய். எக்காரணம் கொண்டும் சர்க்யூட்டுக்குள்ளேயே ஒரு முழு வட்டம் போட்டு நேரத்தைக் கடத்தாதே, பின்னால் வருகிறவர் மேல் போய் நிற்பாய்.

நெருக்கமாக இறங்கியது எனக்குக் கவலையாக இருக்கிறது. முன்னால் இறங்கியவர் டயர் வெடித்து ரன்வேயிலேயே நின்றிருந்தால் உனக்குப் போக இடம் இருந்திருக்காது. முன்னால் போகிறவர் ரன்வேயை விட்டு விலகுவார் என்று கண்ணால் நம்பிக்கை வந்தால் மட்டும் தொடர வேண்டும்.

மேலே போனால் இறங்கத் தெரியாதவள் என்று சொல்வார்களே என்கிறாய். 22 வருஷத்தில் ஒரு மாணவர் தானாக முடிவெடுத்து மேலே போனார் என்றால், அவர் தனியாக ஓட்டத் தயார் என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். நல்ல பயிற்சியாளர் எவரும் அப்படித்தான் பார்ப்பார். அப்படிப் பார்க்காத ஒருவர் உனக்கு வாய்த்திருந்தால், சத்தம் போடட்டும், கேட்டுக்கொள். அடுத்த தடவையும் மேலே போ.

அந்தச் சீனியரிடம் பேச வேண்டும். சண்டைக்குப் போகாதே. "அண்ணா, அன்றைக்கு நான் இடது பேஸில் இருந்தேன், நீங்கள் என்னைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேள். பெரும்பாலும் பார்க்கவில்லை என்ற பதில்தான் வரும், முகம் வெளுத்துப்போகும். செஸ்னா ஓட்டிய அந்தப் பையனிடம் நான் போய்ச் சொன்ன நாளில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் அலட்சியமாகப் பேசினால், தலைமைப் பயிற்சியாளரிடம் தேதி, நேரம், ரன்வே எழுதிக் கொடு. பெயர் போடாமல் நடந்ததை மட்டும் எழுதினாலும் போதும். நாளைக்கு அதே இடத்தில் உன்னைவிடச் சின்னப் பிள்ளை ஒருத்தி தனியாக இருப்பாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? மண்டபத்துக்கு வா. முற்றத்தில் கோலமாவும் நீளக் கயிறும் இருக்கிறது. உன் தளத்தின் படத்தைக் கொண்டுவா, எந்தப் பக்கம் சர்க்யூட், எங்கே செல்போன் டவர், எங்கே ஊர் என்று அதில் குறித்துக்கொண்டு வா. நீ செஸ்னாவாக நட, நான் அந்தச் சீனியராக நேராக வருகிறேன். பேஸில் வைத்து நீ என்ன செய்கிறாய் என்று பார்ப்போம்.